அரிசி தெருமுனையில், கத்தரிக்காய் மண்டியில்

ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை எல்லாம் விளைகின்றன. ஆனால் அந்த ஊர்ப் பெட்டிக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது உருளைக்கிழங்கும் பல்லாரியும்தான். விளைகிற இடத்திலேயே காய்க்கு ஏன் பஞ்சம்?

பறித்த காயை விவசாயி கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோகிறார். அத்தனையையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள அங்கேதான் ஆள் உண்டு. அவசரத்துக்கு முன்பணமும் கிடைக்கும். மண்டியிலிருந்து பெரும்பகுதி லாரி ஏறிக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. ஊர்க் கடைக்காரர் அதே மண்டிக்கு விடியற்காலையில் வண்டியை ஓட்டிப் போய் மூட்டையாக வாங்கி வர வேண்டும். நூறு வீடுள்ள ஊரில் ஒரு மூட்டை வெண்டைக்காய் விற்றுத் தீராது. மிஞ்சியது வாடி வீணாகும். அந்த நஷ்டத்தையும் விலையில் ஏற்றினால் யார் வாங்குவார்கள்? அதனால் கெடாத சரக்கோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

அரிசிக்கு இந்தத் தொல்லை இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். மாதம் ஒருமுறை வாங்கி வைத்தால் போதும். வயிறு நிறைந்துவிடுகிறது. காயும் கீரையும் தரவேண்டிய சத்துதான் குறைகிறது, அது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. நாலு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் ஆகிறது. வாரச்சந்தையில் அதை ஒரே மூச்சில் வாங்கிப் பஸ்ஸில் தூக்கி வந்தாலும், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கீரை மறுநாளே வாடிவிடும். பழுத்த தக்காளி மூன்றாம் நாள் தாங்கினால் பெரிது. அடுத்த சந்தை வரைக்கும் வத்தக்குழம்பு, கருவாடு, துவையல். ருசிக்குக் குறைவில்லைதான்!

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை விலக்கியது நல்ல காரியம். ஆனால் அது பெரும்பாலும் கூடுவது டவுனில், காலை நேரத்தில். அந்நேரம் கிராமத்துப் பெண் காட்டு வேலையிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது பெரிய உதவி; தக்காளி வாங்கும் காசு டிக்கெட்டுக்குப் போவது நின்றது. பஸ் வரும் நேரம் ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், டவுனில் இன்னொரு சந்தை கட்டுவதைவிட, நாலைந்து ஊருக்குப் பொதுவாக வாரம் இரண்டு முறை சாயங்காலச் சந்தை கூட்டுவது பலன் தரும். வேலை முடிந்து வருகிறவர்கள் அன்றன்றைக்குத் தூக்க முடிந்த அளவு வாங்கிப் போகலாம்.

காசில்லாமல் கிடைத்த காயும் உண்டு. கொல்லை முருங்கை இன்னும் இருக்கிறது. களையெடுக்கப் போகிற பெண்கள் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் மடியில் கட்டி வருவார்கள். ராக்குழம்புக்கு அதுவே போதும். இப்போது களைக்கொல்லி அடித்த காட்டில் களையோடு அந்தக் கீரையும் கருகிப்போகிறது.