கை நடுக்கம் முதுமை அல்ல; செல்லுக்குள் தேங்கும் குப்பை

நம்ம ஊரில் அறுபது தாண்டியவருக்குக் கை நடுங்கினால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊருக்குப் போகும் நண்பரின் பெட்டியில் இரண்டு டப்பா சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவோம். அந்த நடுக்கம் பார்க்கின்சன் நோயாக இருந்தால் இந்த இரண்டுமே உதவாது. ஏன் என்று புரிய, ரிச்சர்ட் யூல் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளரின் ஆய்வு கைகொடுக்கும்.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் மெல்ல மெல்ல இறப்பதே இந்த நோய். ஏன் இறக்கின்றன? முக்கியமான துப்பு 1982-ல் கலிபோர்னியாவில் கிடைத்தது. போதைப்பழக்கம் உள்ள சில இளைஞர்கள் திடீரென உடல் இறுகி, அசையவோ பேசவோ முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அச்சு அசலாகப் பார்க்கின்சன்! திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைமருந்தில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது உடலில் மாறி, மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

அடுத்து மரபணுக்கள். 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'பார்க்கின்' மரபணுவைக் கண்டறிந்தார்கள். 2004-ல் 'பிங்க்1' வந்தது. இவற்றில் ஒன்று பழுதானால் இளம் வயதிலேயே நோய் வரலாம். ஆனால் இவை செய்யும் வேலை என்ன? 2008-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் யூலும் டெரெக் நரேந்திராவும் மற்ற ஆய்வாளர்களும் ஒரு விடை சொன்னார்கள். மைட்டோகாண்ட்ரியாவை வேண்டுமென்றே கெடுத்தபோது, செல்லெங்கும் பரவிக் கிடந்த பார்க்கின் புரதம் பழுதானவற்றின் மேல் போய் ஒட்டியது. பிறகு செல் அவற்றை விழுங்கிச் செரித்துவிட்டது.

என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்கு இது பழகிய கதை. நல்ல நிலையில் உள்ள மைட்டோகாண்ட்ரியா பிங்க்1-ஐ உள்ளே இழுத்து அழித்துக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் இழந்தால் அது முடியாது. பிங்க்1 மேற்பரப்பிலேயே குவியும். அதுதான் அலாரம். அதைக் கேட்டு வரும் பார்க்கின், 'இதை அகற்று' என்று சீட்டு ஒட்டுகிறது. செல் கழித்துக்கட்டுகிறது. அலாரமோ, சீட்டு ஒட்டும் ஆளோ வேலை செய்யாவிட்டால், பழுதான சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் எல்லாம் படுத்துவிடும். இந்தக் கண்டுபிடிப்புக்காக யூலுக்கு 2021-ம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது.

"அப்போ மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சத்து கொடுத்தால் போதுமே?" என்று தோன்றும். கோஎன்சைம் க்யூ10 மாத்திரைகளை இந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 600 நோயாளிகளிடம் அதை முறையாகச் சோதித்தார்கள். பலன் இல்லை என்று சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2014-ல் வெளியானது. குப்பை வண்டி வராத தெருவில் நல்ல காய்கறி வாங்கிப் போட்டு என்ன பயன்? பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த இரு மரபணுக்களில் பழுதே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. நோய்க்குப் பல வழிகள் உண்டு. இந்தப் பாதையைத் தூண்டும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன.

ஆனால் கைவசம் ஒன்றுமே இல்லை என்பதில்லை. லெவோடோபா மருந்து நோயைக் குணப்படுத்தாது. ஆனால் வேளை தவறாமல் எடுத்தால் அன்றாட வாழ்க்கையை மீட்டுத் தரும். உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் உதவும். அதற்கு முதலில் நோயை அடையாளம் காண வேண்டும். நடுக்கம் மட்டும் அறிகுறி இல்லை. வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது, குரல் தாழ்வது, முகத்தில் பாவனை குறைவது எல்லாமே கவனிக்க வேண்டியவை. வீடியோ காலில் அப்பா சிரிக்கவே மாட்டேங்கிறார் என்றால், கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. அதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனவே அடுத்த முறை மாத்திரை டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தை அந்த மருத்துவரின் கட்டணத்துக்கு அனுப்புங்க. கூடப் போக ஒரு ஆளையும் ஏற்பாடு பண்ணுங்க.