உப்புக்கு அடியில் பார்க்கும் வழி

மெக்சிகோ வளைகுடாவின் கடலடியில் ‘லூவான்’ எனும் மாபெரும் உப்புப் படிவம் புதைந்துள்ளது. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், கடல்நீர் ஆவியாகி அது படிந்தது. பிறகு மேலே வண்டல் குவியக் குவிய, வண்டல் இறுகிக் கனத்தது. உப்பு அப்படி இறுகவில்லை. அடர்த்தி குறைந்த உப்பு மெல்ல மெல்ல மேலேறி, பல இடங்களில் பக்கவாட்டிலும் பரவியது. அதற்கு அடியில் வணிக அளவில் எண்ணெய் கிடைக்கும் என்பதை 1993-இல் மகோகனி எண்ணெய் வயல் காட்டியது.

இருக்கிறது என்று தெரிந்தாலும் எங்கே தோண்டுவது? கப்பலிலிருந்து அழுத்திய காற்றை நீருக்குள் வெடிக்கச் செய்து ஒலி அலைகளை அனுப்புவார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை, கப்பலின் பின்னே பல கிலோமீட்டர் நீளும் வடங்களிலுள்ள ஒலிவாங்கிகள் பதிவுசெய்யும். இதுதான் நில அதிர்வு ஆய்வு. உப்பில் ஒலி நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; சுற்றியுள்ள வண்டலில் வேகம் பெரும்பாலும் மிகக் குறைவு. அதனால் உப்பின் மேடுபள்ளங்களில் அலைகள் தாறுமாறாக வளைகின்றன. அடியில் உள்ளவை, நெளிந்த கண்ணாடி வழியே பார்த்தாற்போல் சிதைந்து தெரிகின்றன.

படத்தைத் தெளிவாக்க வடத்தை நீட்டலாமா, நெருக்கமாகப் பதிவுசெய்யலாமா, வேறு திசைகளிலிருந்து அலையை அனுப்பலாமா? ஒவ்வொன்றையும் கடலில் சோதிக்கப் பெருஞ்செலவாகும். செலவு செய்தாலும், கிடைத்த படம் சரியா என்று ஒப்பிட உண்மை விடை கையில் இருக்காது.

கணினியில் அந்த விடை இருக்கிறது. உப்பின் வடிவம், பாறை அடுக்குகள், ஒவ்வோர் இடத்திலும் ஒலியின் வேகம் எல்லாவற்றையும் நாமே வகுத்து முப்பரிமாண நிலத்தை உருவாக்குகிறோம். அதைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அலை கணத்துக்குக் கணம் எப்படிப் பரவும் என்று மீத்திறன் கணினி கணக்கிடும். கற்பனைக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான முறை அலையை அனுப்பும். கிடைக்கும் எதிரொலிகளிலிருந்து படம் வரைந்து, நாம் வகுத்த நிலத்தோடு ஒப்பிட்டால் எந்த முறை தேறியது என்பது தெரிந்துவிடும்.

பி.பி. எண்ணெய் நிறுவனத்தில் கார்ல் ரெகோன் போன்ற ஆய்வாளர்கள் இப்படி ஆராய்ந்தபோது, ஒரே திசையில் தரவைக் குவிப்பதைவிடப் பல திசைகளிலிருந்து அலையை அனுப்புவதே பலன் தரும் என்று தெரிந்தது. வழக்கமான ஆய்வில் அலை அனுப்புவதும் பதிவுசெய்வதும் ஒரே கப்பல். 2004–05-இல் அதே வளைகுடாவின் மேட் டாக் எண்ணெய் வயலிலோ, அலை அனுப்பும் கப்பல்கள் பதிவுக் கப்பலிலிருந்து விலகி ஓடின. உப்புக்கு அடியிலான படம் வெகுவாகத் தெளிந்தது. விரைவில் பிற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன.

இந்தக் கணினி ஒத்திகைக்கும் எல்லை உண்டு. உப்பின் வடிவத்தைத் தவறாக ஊகித்தால் முடிவும் தவறலாம். ஆனாலும், விடை தெரிந்த நிலத்திலேயே தேறாத ஆய்வுமுறையை, விடை தெரியாத நிலத்தில் நம்ப எந்த நியாயமும் இல்லை.