சூரிய மின்சாரம் வீட்டுக்குள் வரும் வழி

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் மண்சரிவும் மலையகத்தில் பல குடும்பங்களின் வீட்டையும் விளைநிலத்தையும் பறித்தன. தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினரின் லயன் காம்பராக்களிலும் தங்கியிருப்போருக்குச் சிறிய சூரியத் தகடும் பற்றரியும் பெரிய உதவி. இது எமது நாட்டிற்குப் புதிதன்று. உலக வங்கியின் உதவியுடன் 1997 முதல் 2002 வரை நடந்த திட்டத்தில் 20,000க்கும் மேற்பட்ட கிராமிய வீடுகள் இவ்வாறு ஒளி பெற்றன.

தகட்டைப் பொருத்துவதில் நாம் காட்டும் கவனத்தை, வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் காட்டுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் வயரைச் செருகிவிடுவது எளிது. ஆனால் காற்றில் தகரம் ஆடும்போது அதன் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிடும்; எலியும் கடிக்கும். உள்ளிருக்கும் கம்பிகள் தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும். சார்ஜ் கட்டுப்படுத்தி இல்லாமல் நேரே பற்றரியில் இணைத்திருந்தால் வயரே பழுக்கக் காயும். லயத்திலோ எல்லோருக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அயலவரையும் வீதியில் நிறுத்திவிடும்.

எனவே பின்வரும் முறையைக் கைக்கொள்வோம்.

1. வேலை தொடங்குமுன் தகட்டைத் தடித்த சாக்கினால் முழுமையாக மூடுங்கள். வெளிச்சம் படும்வரை அதில் மின்சாரம் உண்டு.

2. கூரையைத் துளைக்காதீர்கள். தாழ்வாரத்தின் கீழே சுவரில் துளையிடுங்கள். துளை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது.

3. வயரை 20 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயினூடாகக் கொண்டுவந்து, குழாயைக் கவ்விகளால் சுவரோடு இறுக்குங்கள். வெளியே குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் அந்த வாய்க்குக் கீழே தாழ்ந்து வளைந்து, பின்பு மேலேறி உள்ளே செல்லவேண்டும். வயரோடு வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். றொசல்ல, வட்டவளை போன்ற மழை மிகுந்த இடங்களில் இவ்வளைவு மிக அவசியம்.

4. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சீமெந்தினால் அடையுங்கள். குழாயின் உள்வாயைச் சிலிக்கோன் பசையால் மூடுங்கள்.

5. மெல்லிய வயரை வாங்காதீர்கள். 12 வோல்ற் பற்றரிக்கான 100 வாட் தகடு 10 மீற்றர் தூரத்தில் இருந்தால், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஏறத்தாழ அரை வோல்ற் இழப்போம். 1.5 வயரிலோ இழப்பு 1.3 வோல்ற்றுக்குச் சென்றுவிடும்.

6. பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் பொருத்துங்கள். தோட்டத்து 230 வோல்ற் வயரை இதே குழாய்க்குள் விடவேண்டாம்.

மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு காம்பராவையும் பார்வையிடச் செய்வோம். நம் வீட்டு வயரைச் சரியாக இழுப்பதும் அயலவருக்குச் செய்யும் அன்புப்பணியே.