மடிக்கணினி முனகுகிறதா? முதலில் நகல் எடுங்கள்!

சித்தூரில் ஒரு குமாஸ்தா வீடு. அங்கே பழைய மடிக்கணினி ஒன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், வேலூர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த அக்காள் மகனுக்குக் கிடைத்தது அது. பையன் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்ததும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலமான தாயாரின் படங்கள், மகளின் கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் அதற்குள்ளேதான்.

சில வாரங்களாக அது திறப்பதற்கே கால் மணி நேரம் பிடித்தது. படங்களைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். உள்ளே 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் வேறு. "வைரஸாக இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்லவேளை, அதற்குமுன் திருப்பதிக்குப் போன் போட்டார் குமாஸ்தா. "மாமா, எதையும் அழிக்காதீங்க. முதல்ல காப்பி எடுங்க" என்றான் மருமகன்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய மடிக்கணினிகளில் விவரங்களைச் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள்; எடை ஏறத்தாழ ஒரு டன். இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. மடிக்கணினி டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் மிதக்கும். வயதேறினாலோ, ஓடும்போது கீழே விழுந்தாலோ தட்டில் சில இடங்கள் பழுதாகும். அந்த இடங்களை முனை திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால்தான் தாமதமும் சத்தமும்.

ஆனால், மெதுவாக ஓடுவதெல்லாம் டிஸ்க் கோளாறு அல்ல. ராம் போதாமை, தூசி அடைத்த விசிறி, வைரஸ் ஆகியவையும் காரணமாகலாம். எப்படிக் கண்டறிவது?

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். 05 என்ற வரி, பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. சி5, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி6, சோதனையில் சரிசெய்ய முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருப்பதே நல்லது. வாரத்துக்கு வாரம் எண் ஏறினால் டிஸ்கை நம்பக்கூடாது. சி7 மட்டும் ஏறினால் இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

பூஜ்யம் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ல் முடிவை வெளியிட்டது. பழுதானவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிப்புகளில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. அதேசமயம், சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம்!

நகல் முன்னே, சோதனை பின்னே

முழுச் சோதனையும் பழுதுநீக்கும் கட்டளைகளும் டிஸ்கை மணிக்கணக்கில் வேலை வாங்கும். நோயாளியை ஓடவிட்டுப் பார்ப்பது போன்றது அது. ஆகவே இழக்க முடியாதவற்றை முதலில் வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுக்க வேண்டும். விண்டோஸ் திறக்காவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி முயலலாம். சத்தம் பலமாகி, டிஸ்கே தெரியவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தட்டு கீறிப்போகும். டிஸ்க் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. விவர மீட்பு நிபுணர்களிடம்தான் கொடுக்க வேண்டும், செலவு அதிகம்.

குமாஸ்தா அன்றிரவே தாயாரின் படங்களை முதலில் எடுத்தார். மற்றவை முடிய விடிந்துவிட்டது. பிறகு பார்த்தால் 05, சி5 இரண்டிலும் எண்கள். மூன்றாம் நாள் டிஸ்க் ஓடவில்லை. இப்போது எஸ்.எஸ்.டி. பொருத்தியிருக்கிறார், மடிக்கணினி முன்னைவிட வேகம். எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமலும் பழுதாகலாம் என்பதால், படங்களின் இன்னொரு நகல் திருப்பதியில் மருமகனிடம் இருக்கிறது.

டிஸ்க் கடையில் கிடைக்கும். தாயாரின் படம் எந்தக் கடையில் கிடைக்கும்?