9 எழுத்து, 16 புள்ளி, 48 பைட்

கட்டளை வரி எனப்படுவது, திரையில் தெரியும் பொத்தான்களைச் சொடுக்குவதற்குப் பதிலாகச் சிறு சொற்களைத் தட்டச்சிட்டுக் கணினியை ஏவும் முறை. மென்பொருள் உருவாக்குநர்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஒற்றை வரித் துணுக்குகளில் பெரும்பகுதி இம்முறைக்கு உரியது. கோப்பில் எத்தனை எழுத்து, எந்தச் சொல் எத்தனை முறை, எந்த வரியில் எந்தப் பெயர் என்பன போன்ற வினாக்களுக்கு நொடியில் விடை தரும் அத்துணுக்குகள், ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்னும் உரோமன் நெடுங்கணக்கை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழ்க் கோப்பின்மீது அப்படியே ஏவினால் பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான விடைதான் வரும். பிழைச்செய்தி வந்திருந்தால் தொல்லை குறைவு.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்துள்ள பேரூராட்சியான நெய்க்காரப்பட்டியின் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். நெ, ய், க், கா, ர, ப், ப, ட், டி என அதில் 9 எழுத்துகள் இருப்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் எண்ணிவிடுவார். எண்ணுவதற்கென்றே உள்ள 'டபிள்யூசி' கட்டளையிடம் அப்பெயரைக் கொடுத்தால், 'சி' என்னும் தெரிவுக்கு 48 என்றும், 'எம்' என்னும் தெரிவுக்கு 16 என்றும் விடை வருகிறது. 1991-இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோடு, 'கா' என்பதைக் ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிப்புள்ளிகளாகச் சேமிக்கிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கும் தனிக் குறிப்புள்ளி உண்டு. எனவே மேற்கண்ட பெயரில் அகரமேறிய ர, ப ஆகிய இரண்டு மட்டும் ஒவ்வொரு குறிப்புள்ளியாகவும், ஏனைய ஏழும் இரண்டிரண்டாகவும் நின்று 16 ஆகின்றன. யூனிகோடு குறிகளைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8, தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவிடுவதால் 48 கிடைக்கிறது. சொல்லை 'எக்கோ' கட்டளை வழியாக அனுப்பினால், அது கடைசியில் சேர்க்கும் வரிமுறிவும் கணக்கில் ஏறி 49, 17 என வரும் என்பதால், இத்தகைய சோதனைக்குப் 'பிரிண்ட்எஃப்' கட்டளையே தக்கது. முதல் 10 பைட்டை வெட்டித் தரச் சொல்லும் துணுக்கு ஏன் தமிழில் உடைந்த குறியொன்றைக் கடைசியில் உமிழ்கிறது என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

யூடிஎஃப்-8 முறையை 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்த கென் தாம்சனே, அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர்க் 'கிரெப்' என்னும் தேடற்கட்டளையையும் எழுதியவர். கிரெப், தேடுகோவை எனப்படும் வடிவ விதியைக் கொண்டு வரிகளைத் தேடுவது. ஊர்ப்பெயர் 'நெய்க்காரபட்டி' என வல்லின மிகாமலும் எழுதப்படுவதால், இரு வடிவங்களையும் ஒருங்கே பிடிக்க விரும்புபவர், முன்னுள்ள குறி இருக்கலாம் அல்லது இல்லாமலும் போகலாம் என்று பொருள்படும் கேள்விக்குறியைப் 'ப்' என்பதற்குப் பின் இடுவார். ஆனால் கேள்விக்குறி அதற்கு உடனடியாக முன்னுள்ள ஒரே குறிப்புள்ளியை, அதாவது மெய்யின் தலைப்புள்ளியை மட்டுமே விருப்பமாக்குகிறது. விளைவாக, எவரும் எழுதாத 'நெய்க்காரபபட்டி' அகப்படும், தேடிய 'நெய்க்காரபட்டி' அகப்படாது. 'ப்' முழுவதையும் பிறைக்குறிக்குள் அடைத்து, அதன்பின் கேள்விக்குறியை இட்டு, விரிந்த தேடுகோவைக்கான 'இ' தெரிவுடன் ஏவுவதே சரியான வழி.

பைதான் மொழியில் இச்சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. உரையைச் சொற்களாகப் பிரிக்க எங்கும் பரிந்துரைக்கப்படும், பின்சாய்கோட்டுடன் கூடிய 'டபிள்யூ' குறியை அதன் இயல்பான தேடுகோவை நிரலகம் எழுத்துக்கும் எண்ணுக்கும் அடிக்கோட்டுக்கும் மட்டும் பொருத்துகிறது. துணைக்குறிகளையும் தலைப்புள்ளியையும் எழுத்தென ஏற்பதில்லை. ஆகவே நெய்க்காரப்பட்டி என்னும் ஒரு சொல் ந, ய, க, க, ரப, பட, ட என ஏழு துண்டுகளாகச் சிதறுகிறது. இத்துண்டுகளைச் சொற்களாகக் கொண்டு எடுக்கப்படும் எந்தச் சொல்லெண்ணிக்கையும் நம்பத்தக்கதன்று. இடைவெளியை வைத்துப் பிரிப்பது, நிறுத்தக்குறிகளைப் பின்னர் அகற்ற வேண்டியிருப்பினும், இதனினும் மேல்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் குழாய் முறை, டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் 1973-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்றது. வரிசைப்படுத்தும் 'சார்ட்', அடுத்தடுத்து வரும் ஒத்த வரிகளைத் தொகுத்து எண்ணும் 'யூனிக்' ஆகியவற்றை இக்குழாயால் இணைத்து ஊர்வாரிப் பட்டியல் எடுப்பது அன்றாட வழக்கம். அப்பட்டியலில் கொடைக்கானல் இருமுறை, வெவ்வேறு எண்ணிக்கையுடன் தோன்றினால் வியப்பதற்கில்லை. 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. 'யூகான்வ்' கட்டளையால் அனைத்தையும் என்எஃப்சி எனப்படும் சேர்த்தெழுதும் வடிவுக்கு முதலில் மாற்றிவிட்டால் இவ்வேறுபாடு மறையும். வரிசைப்படுத்தலிலும் சிக்கல் உண்டு: குறிப்புள்ளி எண்ணின்படி றகரம் வகரத்துக்கு முன் நிற்பதால் 'கறி' முன்னும் 'கவி' பின்னும் வருகின்றன, மெய்யின் தலைப்புள்ளி தொகுதியின் பின்பகுதியில் இருப்பதால் 'பக்கம்' என்பது 'பகல்' என்பதற்குப் பின்னே தள்ளப்படுகிறது. அகராதி மரபில் இரண்டுமே நேர்மாறு. வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றுவது உதவும், எனினும் அதன் விளைவு நிறுவப்பட்ட பதிப்பைப் பொறுத்தது என்பதால் இந்நான்கு சொற்களையும் இட்டு முதலில் சோதித்துக்கொள்வது நலம்.

எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்குக் குனு கிரெப்பின் 'பி' தெரிவில், பின்சாய்கோட்டுடன் கூடிய பெரிய 'எக்ஸ்' குறி பயன்படுகிறது; துணைக்குறியுடன் சேர்ந்த முழு எழுத்தை அது ஒன்றாகக் கொள்வதால், 'ஓ' தெரிவுடன் வரிக்கொன்றாகப் பிரித்து எண்ணினால் நெய்க்காரப்பட்டிக்கு 9 கிடைக்கிறது. ஆனால் க்ஷ என்பது க், ஷ என இரண்டாகவே எண்ணப்படும். பைதானில் எழுதுவோர்க்கு, தமிழ்ச் சொற்களால் நிரலெழுத உதவும் எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை உள்ளிட்ட தன்னார்வலர்களின் ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது. 'பிப்' கட்டளையால் நிறுவத்தக்க அதில் எழுத்துப் பிரிப்பு, அகரவரிசை ஒப்பீடு ஆகியவற்றுடன், பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பகுதியும் அடங்கும். திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்திலுள்ள கோப்புகளுக்கு லினக்ஸில் உள்ள 'ஐகான்வ்' கட்டளையே போதும். இம்மாற்றம் குழாயின் தலைவாயிலில், என்எஃப்சி மாற்றத்துக்கும் முன்னதாக நிகழ வேண்டும். திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருப்பதால், மாற்றாத கோப்பில் மேற்சொன்ன தேடல் எதுவும் பலிக்காது.