ஒரே ஏரி, இரண்டு படகு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட காடு இருக்கிறது. பெயர் பவுண்டரி வாட்டர்ஸ். கனூ எனும் ஒடுங்கிய படகில் துடுப்பு வலித்து ஓர் ஏரியைக் கடந்ததும், படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாறையும் சேறுமான தடத்தில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அந்தத் தடங்களை இன்னமும் ‘ராட்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். இத்தனை பாடுபட்டு வந்து சேர்ந்தவர் காதில் மோட்டார் படகின் இரைச்சல் விழுந்தால் எப்படி இருக்கும்?

1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் லூக்காஸ் என்ற ஆய்வாளர் இங்கே வந்தவர்களிடம் இதை விசாரித்தார். துடுப்புக்காரர்களுக்கு மோட்டார் படகைக் கண்டாலே ஆகவில்லை. மோட்டார்காரர்களில் பெரும்பாலோருக்கோ கனூவால் எந்தத் தொந்தரவும் இல்லை.

பொழுதுபோக்கு இடங்களில் நடக்கும் பல தகராறுகளின் முடிச்சு இதுதான். நொந்துபோவது ஒரு தரப்பு. மறுதரப்புக்கு அது தெரிவதே இல்லை. ‘கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், அந்தச் சுமையும் நொந்தவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே சட்டம் தேவைப்பட்டது.

ஆனால், அந்தச் சட்டத்தை எல்லோரும் விரும்பவில்லை. அருகிலுள்ள ஈலி இரும்புச் சுரங்க ஊராக இருந்தது. கடைசிச் சுரங்கம் 1967-ல் மூடப்பட்டது. அதன் பிறகு மோட்டார் படகில் மீன்பிடிக்க வருபவர்களை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பல. 1977-ல் அங்கே பொது விசாரணை நடந்தபோது, மோட்டாருக்குத் தடை கேட்ட எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே ஊரில் வாழ்ந்தவர் அவர், வயது 78. கூச்சலுக்கு நடுவே எழுந்து நின்று தன் கருத்தைச் சொன்னார்.

மறு ஆண்டு வந்த சட்டம் மோட்டாரைச் சில ஏரிகளுக்குள் ஒதுக்கியது. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் 10 அல்லது 25 குதிரைத்திறன்தான் உச்சம். இன்று ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போக முடியாது. இந்தப் பிரிவினை சரியென்றே நான் நினைக்கிறேன். அமைதியைத் தேடி வருபவருக்கு வேறு இடம் அரிது. ஆனாலும் அப்பாவோடு மோட்டார் படகில் போய் மீன்பிடித்த ஏரி இனி இல்லை என்றானவரின் கோபத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. துடுப்பு வலிக்கத் தெம்பில்லாத முதியவருக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு. மோட்டார் படகுகளைத் தடங்களில் டிரக்கில் ஏற்றிச் செல்லலாமா என்று 1990-களில் தகராறு மறுபடி மூண்டது. 1998-ல் நாடாளுமன்றமே தலையிட்டு, இரண்டு தடங்களில் மட்டும் அனுமதி தந்தது.