மருந்தும் மரபணுவும்

நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் எண்ணி மருந்தளிக்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இன்றைய மரபணுவியல் அதனை மெய்ப்பிக்கின்றது.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையில் பெருங்குடற் புற்றுநோய் இரண்டாம் இடத்திலுள்ளது. அதற்கு வழங்கும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று, 1957-இல் அறிவிக்கப்பட்ட புளோரோயுராசில். உட்சென்ற மருந்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். அந்நொதியை ஆக்குவது டி.பி.ஒய்.டி. என்னும் மரபணு. 'வேலை கொடு' என்பதில் ஓர் ஒற்று மிகுந்து 'வேலைக் கொடு' என்றானால் பொருள் வேறாகிறதன்றோ? அதுபோல் இம்மரபணுவின் குறித்த இடத்தில் ஓரெழுத்து மாறினும் நொதி குன்றும். மருந்து தங்கி நஞ்சாகும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு தோன்றும், உயிரிழப்பும் நேர்வதுண்டு.

தாய்வழி, தந்தைவழி வந்த இரு படிகளுள் ஒன்று பழுதாயின் பாதியளவில் தொடங்குவர். இரண்டும் முற்றும் பழுதாயின் அம்மருந்தைத் தவிர்ப்பர். குருதிச் சோதனையால் இதனை முன்னரே அறியலாம். 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதனைப் பரிந்துரைத்தது. எனினும், மேனாட்டாரிடம் கண்ட மாறுதல்கள் மட்டுமே நமக்கு அளவுகோல் ஆகா. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர், பெருங்குடற் புற்றுநோயாளரிடம் இத்தகைய மாறுதல்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டமை அதனாலேயே சிறப்புடைத்து.

ஒருவர் பட்ட துன்பம் கண்டு மற்றவர் மருந்தையே வெறுத்தல் தகாது. தொடங்குமுன், "இச்சோதனை வேண்டுமா?" என்று மருத்துவரைக் கேட்பதே அறிவுடைமை.